செனாய் – கூச்சிங்: 400 கடல் மைலும் ஒன்றரை மணி நேரமும்

ஜொகூரின் செனாய் விமான நிலையத்திலிருந்து சரவாக்கின் கூச்சிங் எவ்வளவு தூரம்? கைப்பேசியை எடுக்காமல் கண்டுபிடிக்கலாம்.

செனாய் ஏறக்குறைய 103 பாகை 40 நிமிடம் கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. கூச்சிங் விமான நிலையம் 110 பாகை 20 நிமிடத்தில். (இது கடிகார நிமிடம் அன்று, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு.) வேறுபாடு 6 பாகை 40 நிமிடம், அதாவது 400 கோண நிமிடங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு கோண நிமிடம் ஏறத்தாழ ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். இரு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகைக்குள் இருப்பதால் வேறு திருத்தம் தேவையில்லை. விடை 400 கடல் மைல், சுமார் 741 கிலோமீட்டர். லண்டன் இருக்கும் அட்சரேகையில் இதே கோண வேறுபாடு சுமார் 460 கிலோமீட்டர்தான்; துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும்.

ஏர்பஸ் ஏ320 விமானம் உச்சத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் 54 நிமிடம். ஆனால், கால அட்டவணை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்கிறது!

அட்டவணை நேரம் விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்கும்வரை கணக்கிடப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பதும் அதில் அடக்கம். செனாயின் ஓடுபாதை ஏறக்குறைய வடக்கு தெற்காக நீள்கிறது, கூச்சிங்கோ கிழக்கே. ஆகவே எழும்பியதும் திரும்ப வேண்டும். 50 கிலோமீட்டருக்குள் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையமும் இருப்பதால், வானில் நினைத்தபடி நேர்கோடு போட முடியாது.

முக்கியமான காரணம் உயரம். 35,000 அடிக்கு ஏறும்போது முழு வேகம் கிடைக்காது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டர்தான் வரம்பு. இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல். 35,000 அடிக்கு 105 கடல் மைல். அதாவது, பயணத்தில் கால்வாசிக்கு மேல் இறங்குவதிலேயே கழிகிறது.

54 நிமிடத்தை நம்பி எரிபொருள் நிரப்பினால் பேராபத்து. அனைத்துலக விதிப்படி, ஜெட் விமானம் தரையிறங்கும்போதும் மேலும் 30 நிமிடம் வட்டமடிக்கப் போதுமான எரிபொருள் மிஞ்சியிருக்க வேண்டும். கூச்சிங்கில் மழை கொட்டினால் வேறு நிலையத்துக்குப் போகவும் வழக்கமாகத் தனி எரிபொருள் ஏற்றுவார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1981 முடியும்வரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சரவாக்கைவிட அரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. அன்று இதே பயணம் கடிகாரப்படி போகும்போது இரண்டு மணி நேரமாகவும், திரும்பும்போது ஒரு மணி நேரமாகவும் தெரிந்திருக்கும். 1982 ஜனவரி 1 முதல் இரு பக்கமும் ஒரே நேரம். சூரியன் மட்டும் இன்றும் கூச்சிங்கில் ஏறத்தாழ 27 நிமிடம் முன்னதாகவே உதிக்கிறது. அந்த 27 எப்படி வந்தது? பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். மீதியை நீங்கள் போட்டுப் பாருங்கள்.