கழுத்துவரை பருப்பு

கையெல்லாம் வெள்ளையாக டூத்பேஸ்ட் பூசிக்கொண்டு வருகிறார்கள். சிலர் மஞ்சள், சிலர் பேனா மை, சிலர் இட்லி மாவு. பூசியதைக் கழுவி எடுத்த பிறகுதான் மருத்துவருக்குக் காயமே கண்ணில் படும். “எப்ப பட்டுச்சு?” என்றால், “முந்தாநாள் ராத்திரி.” எதனால்? குக்கர்.

அளவில்தான் கோளாறு

இரண்டு பேருக்கென வாங்கிய 3 லிட்டர் குக்கர். விருந்தாளி வந்த நாளில் ஆறு பேருக்குப் பருப்பும் அதிலேயே. நுரைத்துப் பொங்கும் அரிசி, பருப்பை குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. 3 லிட்டரில் தண்ணீரோடு சேர்த்து ஒன்றரை லிட்டர்தான். மீறினால் நுரை ஏறி வென்ட் குழாயை அடைக்கும். விசில் வராது. வரவில்லையே என்று மூடியை நெம்புவார்கள். உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸில் இருக்கும் தண்ணீர், அழுத்தம் விட்ட நொடியில் கொதித்துச் சீறும். கூடவே வரும் பருப்பு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

தினமும் பருப்பு வேகும் நாலைந்து பேர் வீட்டுக்கு 5 லிட்டர் வேண்டும். சோறு வடித்துச் சாப்பிடுகிற சின்னக் குடும்பத்துக்கு 3 லிட்டரே போதும். 2021 பிப்ரவரி முதல் வீட்டு குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது இல்லாததைத் தள்ளுபடிக்காகத் தூக்கி வராதீர்கள். அடிக்கடி பலகாரம் சுடுகிறவர்களுக்கு, கேஸ் அடுப்பில் ஆடாத தட்டை அடிக் கடாய்.

பேஸ்ட் குளிர்ச்சியாம்!

பேஸ்ட்டில் இருக்கும் மென்தால் சில்லென்று உணரவைக்கும், அவ்வளவுதான், சூட்டை இறக்காது. மை பூசினால் தோலின் நிறம் மறைந்து, காயத்தின் ஆழம் தெரியாமல் போகும். புளித்த மாவு முழுக்க நுண்ணுயிர்கள். வெந்த தோலில் அதை அப்புவானேன்? ஐஸ் கட்டி வைத்தால் ரத்த ஓட்டம் குறைந்து காயம் மோசமாகும்.

“எங்க பாட்டி மாவுதான் போடுவாங்க, ஆறலையா?” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். மேலோட்டமான சூடு எதுவும் போடாமலே ஆறிவிடும். பேர் மாவுக்குப் போய்விடுகிறது!

மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய ஆயின்மென்டையும் தொடாதீர்கள். முகம், கை, மூட்டு என்றாலோ, பட்டது குழந்தைக்கு என்றாலோ அன்றே மருத்துவமனை.

தயவுசெய்து

விசில் வராத குக்கரை அணைத்துவிட்டு, தானாக ஆறும்வரை விட்டுவிடுங்கள். பசியோடு இருப்பவர்கள் காத்திருக்கட்டும். வெடித்த வாஷரை மாற்றிவிடுங்கள். நாளைக் காலை பருப்பு போடுவதற்கு முன், மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வென்ட் குழாய் வழியாக ஒரு கண்ணால் பாருங்கள். அந்தப் பக்கம் தெரிய வேண்டும்.