விளையாட்டு சர்வருக்கு முதல் போடும் முன்...



கடையைச் சாத்திவிட்டு வீடு திரும்பினால், "அப்பா, கடை மாடியில் ஒரு சர்வர் வைக்கலாம். பசங்க சேர்ந்து விளையாடுவாங்க, மாதச் சந்தா வரும்" என்று மகன் கேட்கும் காலம் இது. மறுப்பதற்கோ ஐம்பதாயிரத்தை எண்ணிக் கொடுப்பதற்கோ முன்பு சரக்கைத் தெரிந்துகொள்வோம். பிள்ளைகள் பெரிதும் விரும்பும் மைன்கிராஃப்ட் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

சர்வர் என்பது பலர் கூடி ஆடும் ஆட்டத்தின் கணக்குப்பிள்ளை. யார் எங்கே நிற்கிறார், எந்தக் கல்லைப் பெயர்த்தார் என்று நொடிக்கு 20 முறை கணக்கெழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். ஒரு கணக்குக்கு 50 மில்லி நொடிதான் அவகாசம். தவறினால் ஆட்டம் இழுக்கும். வாடிக்கையாளர் வேறு கடை பார்ப்பார்.

இந்தக் கணக்கில் பெரும்பகுதியை பிராசசரின் ஒரே ஒரு கோர்தான் செய்கிறது. நாம் ஏமாறும் இடமும் இதுவே. பெரிய நிறுவனங்கள் கழித்த பழைய சர்வர்கள் 16 கோர், 20 கோர் என்று மலிவாக விலைக்கு வரும். லீ பஜாரில் மூட்டை தூக்க இருபது பேர் நின்றாலும் பில் போட ஒருவர்தான் என்றால் வண்டி எப்போது கிளம்பும்? ஆகவே கோர் எத்தனை என்று கேட்காமல், ஒரு கோரின் வேகம் என்ன என்று கேளுங்கள். கிகாஹெர்ட்ஸ் எண் மட்டும் போதாது. புதிய தலைமுறை பிராசசர் அதே எண்ணில் கூடுதல் வேலையை முடிக்கும். ஆறு கோர் உள்ள புதிய மேசைக் கம்ப்யூட்டரே இந்த வேலைக்கு உகந்தது. பத்திருபது பேருக்கு 16 ஜி.பி. ராம் போதும். வட்டு எஸ்.எஸ்.டி.யாகவே இருக்கட்டும்.

வாங்கிய பின் செலவில்லாத சீரமைப்பு ஒன்று உண்டு. சர்வரின் அமைப்புக் கோப்பில் பார்வைத் தூரம் 10 என்றிருக்கும். ஒவ்வொருவரைச் சுற்றியும் சுமார் 441 கட்டங்களைச் சுமக்கச் சொல்லும் எண் அது. 6 ஆக்கினால் 169 கட்டங்கள்தான்.

ஜவ்வரிசி, மாவு மூட்டைகள் உள்ள அறையில் பெட்டியை வைக்காதீர்கள். தூசி விசிறியை அடைத்தால், சேலத்துச் சித்திரை வெயிலில் பிராசசர் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 100 வாட் இழுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் மாதம் 72 யூனிட். கடை இணைப்பு என்றால் வணிகக் கட்டணம். யு.பி.எஸ். செலவு தனி. பிராட்பேண்டில் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி தருவதும் உண்டு. அந்த லைனில் வெளியூர்க்காரர் நம் சர்வருக்குள் வர முடியாது. நிலையான ஐ.பி. முகவரி கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். 2025ஆம் ஆண்டின் மத்திய சட்டப்படி அதை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

நம்மைக் கேட்டால், பெட்டி வாங்குவதையே சில மாதம் தள்ளிப் போடலாம். சென்னையிலோ மும்பையிலோ உள்ள சர்வரை மாத வாடகைக்கு எடுக்க முடியும். சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர்; கண்ணாடி இழையில் ஒளி அந்தத் தூரம் போய்வர நான்கு மில்லி நொடிகூட ஆகாது. மூன்று மாதம் நடத்தி, சந்தா கட்டுவோர் எத்தனை பேர் என்று மகனையே பேரேட்டில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.