பொய் எங்கே கசிகிறது?

மகன் கையடக்கக் கருவியில் ஒரு நீதிமன்ற விளையாட்டை விடாமல் ஆடுகிறான், அதில் சாட்சியின் விரல் துடிப்பதை வைத்தே பொய்யைக் கண்டுபிடிக்கிறார்கள், நிஜத்தில் அப்படி முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். விரல் துடிப்பை வைத்து முடியாது. ஆனால் அதே விளையாட்டுத் தொடரின் முதல் பாகத்தில் எந்த ஆடம்பரமும் இல்லாத வேறொரு முறை இருக்கிறது. சாட்சியைப் பேச விட்டு, பேசியதற்கு எதிரே ஒரு ஆதாரத்தை வைக்கும் முறை. பொய்யைப் பற்றி உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்த வழிகளில் உருப்படியானது என்று சொல்லத் தகுந்தவை மிகக் குறைவு. அந்தக் குறைவானவற்றில் ஒன்றுடன் இந்தப் பழைய முறை அப்படியே பொருந்துகிறது. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். அவர் குறிப்பிடும் தொடரின் பெயர் ஏஸ் அட்டர்னி. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2001 அக்டோபரில் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்காக முதல் பாகத்தை வெளியிட்டது. ஷூ தக்குமி எழுதி இயக்கினார். 2005-ல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு ஆங்கிலத்தில் வந்தபோதுதான் பீனிக்ஸ் ரைட் என்ற இளம் வக்கீலை உலகம் அறிந்தது. வழக்குக்கு வரும் குற்றங்களில் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனையில் முடியும் நாட்டில், குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேசும் வக்கீலைக் கதாநாயகனாக்கியது துணிச்சல். வரலாறு இவ்வளவு போதும்.

முதல் வழக்கைப் பாருங்கள். கொலையாளி யார் என்பதைத் தொடக்கக் காட்சியிலேயே காட்டிவிடுகிறார்கள். ஆகவே நான் சொல்வதால் யாருடைய சுவையும் கெடாது. ஓர் இளம்பெண் தன் வீட்டில் கொல்லப்பட்டிருக்கிறாள். அவளுடைய காதலன் கூண்டில் நிற்கிறான். வீடு வீடாகப் போய்ப் பத்திரிகைச் சந்தா சேர்க்கும் ஒரு மனிதர்தான் முக்கிய சாட்சி. பகல் ஒரு மணிக்கு உடலைப் பார்த்தேன், நேரத்தில் சந்தேகமே இல்லை என்கிறார். பிரேதப் பரிசோதனை அறிக்கையின்படி மரணம் நிகழ்ந்தது மாலை நான்கு மணிக்கு மேல். அறிக்கையை எடுத்து நீட்டியதும் சாட்சி தடுமாறிச் சமாளிக்கிறார்: உள்ளே டிவியில் யாரோ நேரம் சொன்னது காதில் விழுந்தது, அதை வைத்துச் சொன்னேன். அந்தக் கட்டடத்தில் அன்று நண்பகல் முதல் மாலை ஆறு வரை மின்சாரம் இல்லை என்பதற்குப் பதிவு இருக்கிறது. அடுத்த சமாளிப்பு: டிவி இல்லை, மேஜைக் கடிகாரம், கொலைக்குப் பயன்பட்டதும் அதுதான். இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். கொலைக்குப் பயன்பட்ட பொருள் ஒரு சிலை. பார்வைக்குக் கடிகாரம் மாதிரியே இருக்காது. கழுத்தைச் சாய்த்தால் மட்டும் வாய் திறந்து நேரம் சொல்லும். வீட்டுக்குள் காலே வைக்கவில்லை என்று சொன்னவருக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு மணி என்பது எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் உண்டு. இறந்த பெண் முந்தைய நாள்தான் பாரிஸிலிருந்து திரும்பியிருந்தாள்; கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றவில்லை. இங்கே மாலை நான்கு என்றால் அங்கே ஒன்பது மணி நேரம் முன்னால், நள்ளிரவு தாண்டி ஒன்று. கொலை நடந்த நொடியில் சிலை சொன்ன மணியைத்தான் கொலைகாரன் கூண்டில் ஏறி ஒப்பித்தான்.

இந்தச் சங்கிலியில் நடப்பதைக் கவனியுங்கள். முதல் பொய்யில் இருந்தது ஒரே ஒரு தகவல், நேரம். அதைக் காப்பாற்ற டிவி வந்தது. டிவியைக் காப்பாற்றக் கடிகாரம் வந்தது. ஒவ்வொரு சமாளிப்பும் சரிபார்க்கக்கூடிய புதிய தகவல் ஒன்றைச் சபையில் வைத்துவிட்டுப் போகிறது. பொய் சொல்பவர் பேசப் பேச, அவர் நகர்வதற்கு மிஞ்சியிருக்கும் இடம் குறைகிறது.

பஞ்சர் கடைக்காரர் செய்வதும் இதே வேலை. சைக்கிள் ட்யூபை வெளியே உருவியதும் அவர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. முதலில் காற்றடிக்கிறார். உப்பிய ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, சாண் சாணாகத் திருப்புகிறார். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்புகிறது. வரிசை மிக முக்கியம்: காற்றில்லாத ட்யூபை நாள் முழுக்க முக்கி வைத்தாலும் ஒரு குமிழி வராது. சாட்சியைப் பேச விடுவதுதான் காற்றடிப்பது, ஆதாரம்தான் தண்ணீர். ஆதாரத்தை முதலிலேயே மேஜைமேல் பரப்பிவிட்டால், பொய் சொல்பவர் அதற்குத் தோதாகக் கதையைத் தைத்துக்கொள்வார், முக்கிப் பார்க்க ஒன்றும் இருக்காது. இன்னும் போகலாம். ஒரு ஓட்டையை அடைத்ததும் கடைக்காரர் திருப்தியடைவதில்லை. மறுபடி காற்றேற்றி முக்குவார், ஏனென்றால் அழுத்தம் கூடும்போது ஒட்டின் விளிம்பிலேயே அடுத்த கசிவு தெரியும். டிவிக்குப் பின் கடிகாரம் வந்தது அப்படித்தான். சில நேரம் ட்யூபில் குறையே இருக்காது, வால்வு கசியும். சாட்சிமேல் தவறில்லை, கேள்வி கேட்டவர் பதிலைத் தானே ஊட்டியிருப்பார். கெட்டிக்காரக் கடைக்காரர் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளைத் தேடியெடுப்பார்; ஏன் பொய் என்பது தெரியாமல் வழக்கை மூடினால் நாளைக்கு அதே இடத்தில் மறுபடி பஞ்சர். அளவுக்கு மீறிக் காற்றடித்தால் நல்ல ட்யூபும் வெடிக்கும். மிரட்டி, தூங்கவிடாமல் விசாரித்தால் நிரபராதியும் ஒப்புக்கொள்வான் என்பதற்குப் பல நாடுகளில் ரத்தான தீர்ப்புகள் சாட்சி.

இந்த விளையாட்டில் காற்றடிப்பதற்கும் முக்குவதற்கும் தனித்தனி பட்டன் உண்டு. சாட்சியத்தின் எந்த வாக்கியத்திலும் குறுக்கிட்டு விளக்கம் கேட்கலாம். பெரும்பாலும் அதற்குத் தண்டனை கிடையாது. கேட்கக் கேட்கச் சாட்சி கூடுதலாகப் பேசுவார், சில சமயம் சாட்சியத்தில் ஒரு புது வாக்கியமே சேரும். ஆதாரத்தை நீட்டுவது மட்டும் விலை உள்ள காரியம். முதல் பாகத்தில் ஐந்தாவது தவறோடு வழக்கு போய்விடும். சாட்சியத்தில் ஐந்து வாக்கியம், கையில் எட்டு ஆதாரம் என்று வையுங்கள்: நாற்பது ஜோடி. சரியானது ஒன்று என்றால், குருட்டாம்போக்கில் ஐந்து முறை நீட்டி ஜெயிக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. யோசித்துத்தான் ஆகவேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கருவிக்கு உண்மை எது, பொய் எது என்று எதுவும் தெரியாது. இந்த வாக்கியத்துக்கு இந்த ஆதாரம் என்ற அட்டவணை உள்ளே இருக்கிறது. உங்கள் ஜோடி அட்டவணையில் இருந்தால் கதை நகரும். 240-க்கு 160 புள்ளிகள் கொண்ட குட்டித் திரையில் ஓடிய அந்த நிரலில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. முரண்பாட்டைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் ஆடுபவரின் தலைக்குள் நடக்கிறது. இப்போது எல்லாப் பெட்டிமேலும் ஏஐ என்று ஒட்டி விற்கும் காலத்தில் இதைச் சொல்வது அவசியம்.

சரி, ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது? சுவீடனில் மரியா ஹார்ட்விக், பார் அண்டர்ஸ் கிரான்ஹாக் ஆகியோரின் குழு 2006-ல் வெளியிட்ட சோதனையைப் பார்க்கலாம். சிலரை அனுப்பிப் பணப்பை ஒன்றைத் திருடச் சொன்னார்கள். சிலர் திருடாமல் அதே இடத்தில் வேறு வேலை செய்துவிட்டு வந்தார்கள். இரு தரப்புக்கும் எதிராகச் சந்தேகம் தரும் தடயங்கள் இருந்தன. போலீஸ் பயிற்சி மாணவர்கள் 82 பேர் ஆளுக்கு ஒருவரை விசாரித்தார்கள். வழக்கு விவரம் எல்லோருக்கும் ஒன்றே. பாதிப் பேருக்கு மட்டும் முன்கூட்டி ஒரு பயிற்சி: ஆதாரத்தைக் காட்டாதே, முதலில் முழுக் கதையையும் சொல்ல விடு, ஆதாரம் தொடும் இடத்தைச் சுற்றிக் கேள்வி கேள், கடைசியில் எடுத்து வை. பயிற்சி பெறாத 41 பேரில் 23 பேர்தான் சரியாகக் கணித்தார்கள். பயிற்சி பெற்ற 41 பேரில் 35 பேர். சதவீதத்தில் 56-க்கு எதிராக 85.

காரணம் எளிமையானது. குற்றம் செய்தவருக்கு, எதிரில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆபத்தான தகவலைச் சுற்றி வளைத்துத் தவிர்ப்பார், கேட்டால் மறுப்பார். அந்தப் பக்கமே போகவில்லை என்பார், கைரேகை அங்கே இருக்கும். செய்யாதவருக்கு மறைக்க ஒன்றும் இல்லாததால், ஆமாம், அதைத் தொட்டேன் என்று தானாகவே சொல்லிவிடுவார். முகத்தில் எந்த மாற்றமும் தேவையில்லை. விளையாட்டின் நான்காவது வழக்கில் ஒரு கிளியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். கிளிக்கு ஏது முகபாவம்? அங்கும் முறை மாறவில்லை. அந்த 85 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் ஆட வேண்டாம் என்பதையும் சொல்கிறேன். ஒரு சோதனையின் எண் அது. பின்னால் வந்த சோதனைகளில் இவ்வளவு பெரிய இடைவெளி எப்போதும் கிடைக்கவில்லை.

இப்போது வாசகரின் மகன் பார்த்ததற்கு வருகிறேன். 2007-ல் வந்த நான்காவது பாகத்தில் கதாநாயகன் மாறுகிறார்: அப்போலோ ஜஸ்டிஸ். அவர் கையில் ஒரு காப்பு. எதிரில் இருப்பவர் பதற்றப்பட்டால் அது கையை இறுக்கும். உடனே சாட்சியின் உடலைப் பெரிதாக்கி, எந்தச் சொல்லின்போது எந்த உறுப்பு துடிக்கிறது என்று தேட வேண்டும். 2024 ஜனவரியில் ஸ்விட்ச் கருவிக்கு வந்த தொகுப்பில் இந்தப் பாகமும் இருக்கிறது. 2013-ல் வந்த ஐந்தாம் பாகம் இன்னொரு படி போனது: சாட்சியின் குரலை ஒரு கருவி கேட்டு மகிழ்ச்சி, கோபம், துக்கம், வியப்பு என்று நான்காகப் பிரித்துத் திரையில் காட்டும். பார்க்க விறுவிறுப்பாக இருக்கிறது. அறிவியலில் இது பின்னோக்கிப் போன படி.

பார்த்து, கேட்டு மட்டும் பொய்யைக் கணிக்கும் திறன் எவ்வளவு? சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 24,000-க்கும் மேற்பட்டோரின் கணிப்புகளைத் திரட்டி 2006-ல் கணக்கிட்டார்கள்: 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டினால் 50. பொய்யர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது. 58 நாடுகளில் விசாரித்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆய்வுகளில் அந்த அடையாளம் நிற்கவில்லை. பொய் சொல்பவருக்குப் பதற்றம் வரும் என்பது உண்மையாகவே இருக்கட்டும்; சந்தேகிக்கப்படும் நல்லவருக்கும் அதே பதற்றம் வருகிறதே!

இது விளையாட்டோடு நின்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பயணிகளின் முகபாவத்தையும் நடத்தையையும் பார்த்து ஆபத்தானவர்களைப் பிரிக்க ஒரு திட்டத்தை 2007 முதல் முழுவீச்சில் நடத்தியது. சுமார் 90 கோடி டாலர் செலவான பிறகு, 2013-ல் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் இது பயன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, நிதியைக் கட்டுப்படுத்துங்கள் என்று அறிக்கை கொடுத்தது. நம் உச்ச நீதிமன்றம் 2010-ல், செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவருடைய சம்மதமில்லாமல் பொய் கண்டறியும் சோதனை, உண்மை அறியும் மருந்து, மூளை அலைச் சோதனை மூன்றையும் நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. குரலைக் கேட்டு உணர்ச்சியைச் சொல்லும் மென்பொருள் என்று இன்று வேலை நேர்காணலுக்கு விற்க வருபவர்களிடம், அந்த 54-ஐ எவ்வளவு தாண்டுகிறீர்கள், யாரை வைத்துச் சோதித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

முரண்பாட்டு முறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அது நினைவு சம்பந்தப்பட்டது. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-ல் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். பிறகு 50 பேரிடம் கார்கள் மோதி நொறுங்கியபோது வேகம் என்ன என்றும், வேறு 50 பேரிடம் இடித்துக்கொண்டபோது வேகம் என்ன என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, நொறுங்கிய என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர் ஆமாம் என்றார்கள், இடித்த என்ற சொல்லைக் கேட்டவர்களில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. அந்த 23 பேரில் எவரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. விளையாட்டில் ஆதாரத்தை நீட்டியதும் பெரும்பாலும் வாத்தியம் முழங்கும், சாட்சி நிலைகுலைவார். சுவீடன் குழுவின் முறையில் அந்த இடத்தில் இன்னொரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: உங்கள் பேச்சும் இந்த ஆதாரமும் ஒத்துப்போகவில்லை, இதற்கு உங்கள் விளக்கம் என்ன என்று கேட்டு, பதிலை எழுதிக்கொண்ட பிறகுதான் விசாரணை அதிகாரி முடிவுக்கு வர வேண்டும்.