டவர் போனால் டீக்காசு போகுமா?

"நெட்" இல்லாமலும் பணம் அனுப்ப வழி உண்டு. நீலகிரி கடைக்காரர்கள் கவனிக்க!

குன்னூர்,

"கணக்குலே பணம் இருக்குதுங்க... நெட்டுதான் கிடைக்கலே!"

நீலகிரியில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு புதிது அல்ல. மேகம் இறங்கி, மழை அடித்து, கரண்டும் போனால் போனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டீ குடித்தவர் போனைத் தூக்கிப் பிடித்தபடி ரோட்டுக்குப் போவார். கடைக்காரர் பாலைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று முழிப்பார்.

நெட் இல்லாவிட்டால் பணம் அனுப்பவே முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. சாதாரண பட்டன் போனிலேயே அதற்கு வழி இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பள்ளத்தில் லயன், டவுனில் பாங்கி

மலையில் டவரைப் பார்த்த சரிவில் சிக்னல் இருக்கும். முகடு தாண்டி மறுபக்கம் இறங்கினால் இருக்காது. மழைக்காலத்தில் இன்னும் மோசம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மலைவாசிகள் மறக்கவில்லை.

கொழுந்து பறிப்பவருக்குச் சம்பளம் கையில் வந்த காலம் ஒன்று உண்டு. 2016 நவம்பர் 8-ந்தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே சம்பளப் பட்டுவாடா சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளியிடம் தனியாக எழுதி வாங்காமலே சம்பளத்தைப் பாங்கியில் போட வழி பிறந்தது.

பாங்கியில் போட்டாச்சு. எடுப்பது எப்படி? ஏ.டி.எம்.முக்கு டவுனுக்குப் போனால் பஸ் செலவு. போதாக்குறைக்கு அரைநாள் வேலையும் போச்சு!

*99# மந்திரம்

நெட் இல்லை என்றால் சிக்னலே இல்லை என்று அர்த்தம் அல்ல. "ஹலோ" பேசுகிற அளவுக்குச் சிக்னல் இருந்தாலே போதும்; *99# வேலை செய்யும்.

பாங்கியில் பதிவு செய்த நம்பரில் இருந்து *99# என்று டயல் செய்ய வேண்டும். திரையில் பட்டியல் வரும். பணம் அனுப்ப, இருப்புப் பார்க்க என்று நம்பரைத் தட்டிக்கொண்டே போகலாம். முதல் தடவை மட்டும் ஏ.டி.எம். கார்டின் கடைசி 6 எண்களைக் கொடுத்து ரகசிய எண் அமைக்க வேண்டும். ஒரு முறைக்கு ரூ.5 ஆயிரம் வரை அனுப்பலாம். இதற்கு டெலிபோன் கம்பெனிகள் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2022 ஏப்ரலில் "டிராய்" உத்தரவிட்டது.

இதற்கு அடுத்தது "123 பே". 2022 மார்ச் 8-ந்தேதி ரிசர்வ் பாங்கி தொடங்கி வைத்தது. குறிப்பிட்ட நம்பருக்குப் போன் போட்டு, குரல் சொல்கிறபடி பட்டனை அமுக்கினால் பணம் போய்விடும். மிஸ்டு கால் கொடுத்து அனுப்பும் முறையும் உண்டு.

எல்லா சிம்மிலும் *99# ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அவசரத்துக்கு முன்பே ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சிக்னலே இல்லை என்றால்?

அதற்கும் ஒரு வழி வந்திருக்கிறது. பெயர் "யூ.பி.ஐ. லைட் எக்ஸ்". 2023 செப்டம்பரில் அறிமுகம் ஆனது. நெட் இருக்கும்போதே கொஞ்சம் பணத்தைப் போனில் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு போனோடு போனை ஒட்டிக் காட்டினால் பணம் மாறிவிடும். ஆனால் இரண்டு போனிலும் "என்.எப்.சி." வசதி வேண்டும். பட்டன் போன்காரருக்கு இது உதவாது.

தொகையும் சிறியதுதான். நெட் இல்லாத பட்டுவாடாவுக்கு 2022 ஜனவரியில் ரிசர்வ் பாங்கி விதி வகுத்தபோது ஒரு முறைக்கு ரூ.200 தான். 2023 ஆகஸ்டில் ரூ.500 ஆனது. 2024 டிசம்பரில் "லைட்" முறைக்கு ஒரு தடவைக்கு ரூ.1,000, போனில் மொத்தம் ரூ.5 ஆயிரம் என்று உயர்ந்தது.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? காரணம் இருக்கிறது. நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் அது கையை விட்டுப் போய்விடும். போனில் இருப்பதோ வெறும் கணக்கு. அதே நூறு ரூபாயை ஒருவர் நாலு கடையில் காட்டினால், தட்டிக்கேட்க அந்த நேரத்தில் பாங்கி லைனில் இல்லையே! போன் தொலைந்தாலும் நஷ்டம் சிறியதாக இருக்கட்டும் என்பது இன்னொரு கணக்கு.

இதில் கடைக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு. கடைப் பக்கத்தில் தொழில்நுட்பக் கோளாறு வந்தால், அந்த வசதியைக் கொடுத்த பாங்கி அல்லது நிறுவனமே பொறுப்பு என்கிறது 2022 விதி.

கடைக்காரர் செய்ய வேண்டியது

*99#-ல் கட்டம் போட்ட அட்டையை "ஸ்கேன்" செய்ய முடியாது. மொபைல் நம்பரோ, யூ.பி.ஐ. முகவரியோ வேண்டும். எனவே அட்டைக்குப் பக்கத்திலேயே நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது நல்லது.

"போயிடுச்சுண்ணே" என்று திரையைக் காட்டினால் மட்டும் நம்பிவிடக் கூடாது. தன் போனுக்குப் பாங்கி குறுஞ்செய்தி வந்ததா என்று பார்க்க வேண்டும்.

ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணே தேவையில்லை. "எண்ணைப் போடுங்க, பணம் வரும்" என்று சொல்பவன் மோசடிக்காரன். ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

மேகம் இறங்குவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் கடைச் சுவரில் ஒரு நம்பர் எழுதி இருந்தால், நெட் வரும்வரை டீக்காசுக்குக் காத்திருக்க வேண்டியது இல்லை.