இன்ஜினை இறக்கி வேலை பார்ப்பது மாதிரி

"ஹார்ட்ல கேன்சர் வருமாடா?" ஹாஸ்டல்ல நண்பன் கேட்டான். மெக்கானிக்கல் ஃபைனல் இயர் எனக்கு என்ன தெரியும்? தேடிப் படித்ததைச் சொல்றேன்.

வரும், ஆனா ரொம்ப அபூர்வம். இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் முக்கால்வாசி புற்றுநோயே கிடையாது. பெரியவர்களுக்கு அதிகம் வருவது மிக்சோமா. ஜெல்லி மாதிரி, பெரும்பாலும் இடது மேலறையில் ஒரு காம்பில் தொங்கும். ஸ்வீடனில் டாக்டர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் 1954-லேயே ஹார்ட்-லங் மெஷின் உதவியோடு அதை வெட்டி எடுத்துட்டார்.

தலைவலி, தசைக்குள்ளேயே வளரும் கட்டிகள்தான். ஃபைப்ரோமா புற்றுநோய் இல்லை. ஆனால் கீழறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரில் பெரிதாகிவிட்டால், வெட்டும்போது சுவரும் போகும், துடிப்புக்கான மின்சாரம் ஓடும் பாதையும் போகும். அப்போ முழு இதயத்தையும் மாற்ற வேண்டியதுதான். அப்படி மாற்றியும் இருக்கிறார்கள்.

சார்கோமா என்றால் கதை வேற. அது நிஜமான புற்றுநோய், வேகமாகப் பரவும். புது இதயத்தை உடம்பு எதிரி என்று நினைத்துத் தாக்கும். அதைத் தடுக்க ஆயுசு முழுக்க நோய் எதிர்ப்பு சக்தியை அமுக்கி வைக்கும் மருந்து சாப்பிடணும். ஆனால் ஸ்கேனில் தெரியாமல் ஒளிந்திருக்கும் கேன்சர் செல்களோடு சண்டை போடுவதும் அதே எதிர்ப்பு சக்திதானே! வாட்ச்மேனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துட்டு வீட்டைப் பூட்டின மாதிரி. அதனால் வேறெங்கும் பரவாதவர்களுக்கு மட்டும்தான் யோசிப்பார்கள். அப்படியும் பலருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. தான இதயம் கிடைக்கும்வரை இந்த நோய் காத்திருக்கவும் செய்யாது.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஐடியா வருது. இடது மேலறை இதயத்தின் பின்பக்கம் இருக்கு. நெஞ்சைத் திறந்தாலும் கை சரியாகப் போகாது. வண்டியில் கை எட்டாத இடத்தில் ரிப்பேர்னா மெக்கானிக் என்ன சொல்வார்? "இன்ஜினை இறக்கணும் சார்." அதேதான்! நோயாளியை மெஷினில் ஓட்டிக்கிட்டே அவரோட இதயத்தை வெளியே எடுத்து, திருப்பி வைத்து, கட்டியை வெட்டி, போன சுவருக்கு மாட்டின் இதய உறையிலிருந்து செய்த ஒட்டு போட்டு, திரும்பத் தைத்துவிடுகிறார்கள். சொந்த இதயம், அதனால் எதிர்ப்பை அமுக்கும் மருந்தே வேண்டாம்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1980-களில் டென்டன் கூலி இதை முயன்றார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. அதே ஊரில் மைக்கேல் ரியர்டன் 1998-ல் இடது மேலறை சார்கோமாவுக்குச் செய்து வெற்றி கண்டார்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. கட்டி கீழறைத் தசை முழுக்க ஊடுருவியிருந்தால், வெட்டிய பிறகு திரும்ப மாட்ட இதயமே மிஞ்சாது.