ஆகாயத்தில் ஒரு டோல்கேட்

டோல்கேட் வந்தால் லாரிகள் என்ன செய்யும்? பக்கத்துக் கிராமச் சாலையில் புகுந்து போகும். அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுகிறவர்களின் பயமும் அதுதான். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டைத் தனியாரிடம் கொடுத்து, பயன்படுத்துவோரிடம் கட்டணம் வாங்கலாம் என்ற யோசனை அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைதூக்கும்; இவர்கள் கொதித்தெழுவார்கள்; அடங்கும்.

2011-ல் ஜெட் விமானங்களிடம் ஒரு பயணத்துக்கு 100 டாலர் வாங்கலாம் என்றார்கள். நடக்கவில்லை. 2017-ல் லாப நோக்கமற்ற தனி நிறுவனத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கும் மசோதா வந்தது. மறு ஆண்டு தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. சொந்த உபயோகத்துக்குப் பறக்கும் சிறு விமானங்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அந்த மசோதாவிலேயே எழுதியிருந்தது. இன்றைக்கு விலக்கு, நாளைக்கு? இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி.

இப்போது சிறு விமானக்காரர் பெட்ரோல் போடும்போதே கேலனுக்கு 19.4 சென்ட் வரி கட்டிவிடுகிறார். அதன்பிறகு வான்போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை எத்தனை முறை கூப்பிட்டாலும் பில் வராது. இந்தப் 'பில் வராது' என்பதில்தான் உயிர்கள் இருக்கின்றன என்பேன்.

மேகம் தாழ்ந்து வருகிறது என்று வையுங்கள். கருவிகளைப் பார்த்து ஓட்டப் பயின்ற விமானி, கட்டுப்பாட்டு மையத்திடம் அனுமதி வாங்கி மேகத்துக்குள் ஏறிவிடலாம். மலையையும் மற்ற விமானங்களையும் விட்டு அவரை விலக்கி அழைத்துப்போக ஒரு குரல் கூடவே வரும். அந்தக் குரலுக்குக் காசு என்றால்? மேகத்துக்கு அடியிலேயே தாழப் பறந்து சமாளித்துவிடலாம் என்று தோன்றும். பார்வை மறையும் நேரத்தில் மலைச்சரிவும் மின்கம்பியும் எதிரே நிற்கும். சிறு விமான விபத்துகளில் மிகக் கொடியவை இப்படித் தாழப் பறந்து, தெரியாமல் மேகத்தில் சிக்கியவர்களுடையவை.

பயிற்சி மாணவர்கள் பாடு இன்னும் மோசமாகும். தரை தொட்டு உடனே எழும்புவதை ஒரு மணி நேரத்தில் பலமுறை செய்துதான் கை பழகும். ஐரோப்பாவில் பல விமான நிலையங்களில் ஒவ்வொரு தொடுதலுக்கும் கட்டணம் உண்டு. இந்தியாவிலிருந்து உட்பட வெளிநாட்டு மாணவர்கள் ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் போய்க் கற்பதற்குச் செலவும் ஒரு காரணம். அங்கேயும் எண்ணி எண்ணித் தரையைத் தொட ஆரம்பித்தால், குறையப் பழகிய கைகள்தான் நாளை நம் விமானங்களை ஓட்டும்.

தனியார் என்பதே எனக்குப் பிரச்னை இல்லை. அமெரிக்காவில் 250-க்கும் மேற்பட்ட சிறிய கட்டுப்பாட்டுக் கோபுரங்களை ஒப்பந்த அடிப்படையில் தனியார்தான் நடத்துகிறார்கள். பணம் கொடுப்பது அரசு. கட்டணத்தை மட்டுமே நம்பி நிற்கும்போதுதான் சிக்கல். கனடா 1996-ல் 150 கோடி கனடிய டாலருக்கு இந்தச் சேவையை விற்றது; நன்றாகவே நடக்கிறது என்று புகழாதவர் குறைவு. ஆனால் கொரோனாவில் விமானங்கள் நின்றபோது, 2020 செப்டம்பரில் கட்டணம் சராசரியாக 29.5 சதவீதம் ஏறியது. வாடிக்கையாளர் தள்ளாடும் வேளையில் விலையேற்றம்! பிரிட்டன் 2001-ல் பாதியைத் தனியாருக்குக் கொடுத்தது. செப்டம்பர் 11-க்குப் பிறகு அட்லாண்டிக் போக்குவரத்து சரிய, 2003-ல் 13 கோடி பவுண்ட் புது முதலீடு போட்டுத்தான் நிமிர்த்தினார்கள். அதில் பாதி அரசுப் பணம்.

எதிர்த்தரப்புக்கும் வாதம் உண்டு. 2018-19-ல் பட்ஜெட் சண்டையில் அமெரிக்க அரசு 35 நாள் முடங்கியபோது கன்ட்ரோலர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள். கட்டண முறையில் அந்த அவலம் நேராது. சரிதான்.

அதற்கு வழி, பட்ஜெட் சண்டையில் மாட்டாதபடி அந்தச் சம்பளத்தைச் சட்டம்போட்டுக் காப்பது. பணம் பற்றவில்லையா, பெட்ரோல் வரியில் சில சென்ட் கூட்டட்டும். மேகத்துக்குள் திணறும் விமானி உதவி கேட்க மட்டும் விலை வைக்கக் கூடாது.