சட்டை உரிக்கும் சிலந்தி

சிலந்தியைச் செல்லமாக வளர்ப்பாரும் உண்டோ என்று நீங்கள் நகைக்கலாம். உண்டு; நானே வளர்த்திருக்கிறேன். வெளிநாட்டில் பயின்ற காலத்தில் என் அறையில் ஒரு சிறு குப்பிக்குள் அது வாழ்ந்தது. டாரன்டுலா என்னும் பெருஞ்சிலந்தியின் குஞ்சு. மெக்சிகோ நாட்டில் பசிபிக் கரையை அடுத்த பகுதிகளே அதன் தாயகம். வளர்ந்தபின் முழங்கால்களில் செம்மஞ்சள் நிறம் பளிச்சிடும். அன்றோ அது என் சுட்டுவிரல் நகத்தினும் பெரிதன்று. இவ்வினத்தின் வாணிகம் 1985 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது; ஆதலின் காட்டில் பிடித்ததை நாடாமல், கூண்டிலே பொரித்த குஞ்சையே வாங்கினேன்.

அதற்கு வேண்டியவை மிகச் சில. காற்றுப் புகும் துளைகளிட்ட மூடி. வளை தோண்டுதற்கேற்ற மண். அம்மண்ணில் ஒருபுறம் மட்டும் சிறிது ஈரம். வாரத்திற்கு ஓரிரு முறை, அதன் வயிற்றினும் சிறிய சுவர்க்கோழிக் குஞ்சு ஒன்று. குப்பி உயரமாக இருத்தல் ஆகாது. விழுந்தால் மென்மையான வயிறு கிழிந்து இறந்துபடும். கையிலெடுத்துக் கொஞ்சுதலும் வேண்டா. வளர்ந்த சிலந்தி வயிற்று மயிரை உதிர்த்து எறியும். அது தோலிற் பட்டால் அரிப்பு எளிதில் தீராது.

ஒரு சமயம் அது பத்து நாள் உணவைத் தொடவில்லை. நோயோ என்று அஞ்சிய நான், இன்னொரு சுவர்க்கோழியை உள்ளே விட்டேன். அதுதான் நான் செய்த பிழை. மறுநாட் காலையில் சிலந்தி மல்லாந்து, கால்களை விரித்துக் கிடந்தது. இறந்தது என்றே துணிந்து குப்பைக் கூடையை எடுத்தேன். உடன் தங்கியிருந்த நண்பர் என் கையைப் பற்றினார்.

"பொறுங்கள். இறந்த சிலந்தி இப்படிக் கிடக்காது" என்றார்.

காரணத்தையும் அவரே விளக்கினார். சிலந்தியின் கால்களை மடக்குதற்குத் தசைகள் உண்டு. ஆனால் முக்கியமான மூட்டுகளை நீட்டுதற்குத் தசை இல்லை; உடலிலுள்ள குருதிநீரின் அழுத்தமே அவற்றை நீட்டுகிறது. உயிர் பிரிந்தாலும், உடலில் நீர் மிகக் குறைந்தாலும் அவ்வழுத்தம் தளரும். கால்கள் வயிற்றின் அடியிற் சுருண்டுவிடும். மல்லாந்து கிடப்பதோ, பாம்பு போலச் சட்டை உரிப்பதற்கு. மேல்தோல் மட்டுமன்று, நச்சுப்பற்களின் உறையும் இரைப்பையின் உட்தோலுங்கூடக் கழன்றுவிடுமாம். புதிய பற்கள் வெளுத்து மெத்தென்றிருக்கும். அந்நிலையில் சுவர்க்கோழியே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடக்கூடும். ஆகவே நண்பர் முதலில் சுவர்க்கோழியை வெளியேற்றினார். சிலந்தியை நாங்கள் தொடவேயில்லை.

நண்பகலுக்குள் குப்பியில் இரு சிலந்திகள் தோன்றின. ஒன்று வெறுஞ் சட்டை. முன்பு முறிந்துபோயிருந்த காலின் இடத்தில் மெல்லிய புதுக்கால் ஒன்று முளைத்திருந்தது! பற்கள் கறுக்கும் வரை, ஒன்பது நாள், உணவிடாமல் காத்திருந்தேன். பத்தாம் நாள் இட்ட சுவர்க்கோழியை அது ஒரே பாய்ச்சலிற் பற்றிக்கொண்டது.